வெடிப்பில் அடிபட்ட நுரையீரலுக்கு டயாலிசிஸா? ஓர் எளிய விளக்கம்

டயாலிசிஸ் என்றதும் நமக்குச் சிறுநீரகம்தான் ஞாபகம் வரும். வெடிகுண்டு அதிர்வில் கெட்டுப்போன நுரையீரலுக்கும் அதைப் பயன்படுத்த முடியுமா என்று விலங்குகளிடம் சோதிக்கிறார்கள் என்றால், பேச்சு இரண்டு பக்கமாக வழிதவறுகிறது. வெடிப்புகையின் நஞ்சு ரத்தத்தில் கலந்திருக்கும், அதை வடித்து எடுக்கிறார்கள் போல என்று சிலர் நினைக்கிறார்கள். மெஷின் மூச்சு வேலையை முழுக்கப் பார்த்துக்கொள்ளும், இனி வென்டிலேட்டரே வேண்டாம் என்று வேறு சிலர். இரண்டும் தவறு.

உண்மையில் நடப்பது இதுதான்: ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயுவில் ஒரு பங்கை உடம்புக்கு வெளியே எடுத்துவிடுகிறார்கள். அதனால் காயம்பட்ட நுரையீரலை வென்டிலேட்டர் கொஞ்சமாக ஊதினால் போதும். நுரையீரல் தானாக ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. டயாலிசிஸ் எதையும் ஒட்டவைப்பதும் இல்லை, தைப்பதும் இல்லை. இந்த ஒன்று மனதில் நின்றால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

வெடி அலை நெஞ்சுக்குள் என்ன செய்கிறது

வெடித்த இடத்திலிருந்து காற்றழுத்தம் ஒரு சுவர் மாதிரி பாய்ந்து வருகிறது. ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, சில மில்லிசெகண்டில் இறங்கி, சாதாரண அழுத்தத்துக்கும் கீழே போய்த் திரும்புகிறது. காதின் செவிப்பறை சுமார் 35 கிலோபாஸ்கல் அதிக அழுத்தத்திலேயே கிழியக்கூடும். நுரையீரல் கெட அதைப்போலப் பல மடங்கு வேண்டும். சிதறிய இரும்புத்துண்டு குத்தியோ, தூக்கி எறியப்பட்டு விழுந்தோ வந்த காயம் வேறு. அழுத்த அலை மட்டுமே உண்டாக்கிய நுரையீரல் காயத்தைத்தான் 'வெடிப்பு நுரையீரல்' என்கிறோம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாதவருக்கும் இது வரலாம்.

கைகால் தசையை விட்டுவிட்டு நுரையீரலை ஏன் குறிவைக்கிறது? கேரம் போர்டில் காய்களை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து, ஒரு முனையில் ஸ்ட்ரைக்கரால் அடித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் காய்கள் அசைவதே தெரியாது. கடைசிக் காய் மட்டும் பறக்கும், ஏனென்றால் அதற்கு அப்பால் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லை. உடம்பின் திசு பெரும்பாலும் தண்ணீர், அலை அதற்குள் தடையில்லாமல் ஓடிவிடும். தண்ணீர் முடிந்து காற்று தொடங்கும் எல்லையில்தான் கடைசிக் காயின் கதி நேர்கிறது: திசு காற்றுப் பக்கமாகச் சிதறுகிறது. நுரையீரல் முழுக்க இந்த எல்லைதான். 30 கோடிக்கு மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. வாயுக்கள் கடந்துபோகும் இடங்களில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவரின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு.

அலை எந்த வழியாக நுழைகிறது என்பதே முன்பு பெரிய சர்ச்சையாக இருந்தது. மூச்சுக்குழாய் வழியாகப் புகுந்து நுரையீரலை ஊதிக் கிழிக்கிறது என்று ஒரு தரப்பு சொன்னது. அழுத்தம் இறங்கும்போது காற்று உறிஞ்சப்படுவதால் கிழிகிறது என்றது இன்னொரு தரப்பு. லண்டனில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த 1940இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி சாலி ஸக்கர்மன் முயல்களைத் தடித்த ஸ்பாஞ்சு ரப்பரால் சுற்றி வெடி அலையில் வைத்துப் பார்த்தார். முகம் திறந்துதான் இருந்தது, மூச்சுப்பாதைக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் ரப்பர் மூடிய நெஞ்சுக்குள் நுரையீரல் பெரிதும் தப்பியது. அலை நெஞ்சுச் சுவரை அடித்துத்தான் உள்ளே போகிறது என்பது அப்போது தெளிவானது.

மூடிய இடத்தில் அலை சுவர்களில் மோதித் திரும்பத் திரும்ப அடிக்கும். இஸ்ரேலில் நடந்த குண்டுவெடிப்புகளை ஒப்பிட்டு 1996இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. திறந்தவெளியில் சிக்கியவர்களில் 7.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பஸ்ஸுக்குள் சிக்கியவர்களில் 49 சதவீதம் பேர்.

இதுவரை பார்த்தது: அழுத்த அலை நெஞ்சுச் சுவர் வழியாக நுழைந்து, திசுவும் காற்றும் சந்திக்கும் மெல்லிய சுவர்களைக் கிழிக்கிறது. அங்கே ரத்தம் கசிகிறது.

கிழிசலுக்குப் பிறகு வரும் வீக்கம்

காயம் அந்த மில்லிசெகண்டோடு முடிந்துவிடுவதில்லை. நுண்ணறைக்குள் கசிந்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைகின்றன, அவற்றின் இரும்பு சுற்றியுள்ள திசுவை அரிக்கிறது. வெள்ளையணுக்கள் கூட்டமாக வருகின்றன. அவை ஒன்றையொன்று கூப்பிடுவதற்கு வெளியிடும் சிறு புரதங்களின் பெயர் சைட்டோகைன். கூப்பாடு அதிகமானால் அடிபடாத பகுதியும் வீங்கி நீர் கோத்துக்கொள்ளும். முதல் மணிநேரங்களில் பேசிக்கொண்டிருந்தவர் அடுத்த ஒன்றிரண்டு நாளில் மூச்சுக்குத் திணறுவது இதனால்தான்.

வென்டிலேட்டரில் இருக்கும் சங்கடம்

மூச்சுத் திணறினால் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைப்பார்கள். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுகிற கருவி. நாம் இயல்பாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிந்து காற்று தானாக வரும், வென்டிலேட்டரில் அது அழுத்தத்தோடு நுழைகிறது. பாதி நுண்ணறைகள் ரத்தத்தால் அடைத்திருந்தால், தள்ளிய காற்றெல்லாம் மிச்சமிருக்கும் நல்ல நுண்ணறைகளுக்குள் போகும். அவை அளவுக்கு மீறி விரிந்து கிழியும். பஞ்சர் ஒட்டிய டியூபில் காற்றை அளந்து அடிக்கிற மாதிரிதான் இங்கேயும் ஊத வேண்டும்.

இதற்கு உறுதியான சான்று 2000ஆம் ஆண்டு வந்தது. நுரையீரல் வீங்கிய 861 நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர், மறுபாதிக்கு 6 மில்லிலிட்டர் என்ற இலக்கில் காற்று கொடுத்தார்கள். (இந்தக் கிலோ தராசில் நிறுத்த எடை இல்லை, உயரத்தை வைத்துக் கணக்கிட்டது.) முதல் குழுவில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், குறைவாக ஊதிய குழுவில் 31 சதவீதம்.

வெடிப்பு நுரையீரலில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. நுண்ணறையும் பக்கத்து ரத்தநாளமும் சேர்ந்து கிழிந்திருந்தால், அழுத்தத்தோடு ஊதும் காற்று நேராக ரத்தத்துக்குள் புகும். அந்தக் குமிழி இதயத் தமனிக்கோ மூளைக்கோ போனால் நிமிடங்களில் உயிர் போகலாம்.

ஆகவே குறைவாக ஊத வேண்டும். குறைவாக ஊதினால் கரியமில வாயு வெளியேறாமல் தேங்கும், ரத்தம் அமிலமாகும். ஓரளவு வரை மருத்துவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் வெடிப்பில் சிக்கியவருக்குத் தலையிலும் அடி இருப்பது சாதாரணம். கரியமில வாயு ஏறினால் மூளையின் ரத்தநாளங்கள் விரிந்து மண்டைக்குள் அழுத்தம் கூடும். நுரையீரலைப் பார்த்தால் மூளை கெடுகிறது, மூளையைப் பார்த்தால் நுரையீரல் கெடுகிறது. இந்த இக்கட்டில்தான் டயாலிசிஸ் யோசனை வருகிறது.

இரண்டு வாயுக்கள், இரண்டு விதப் பயணம்

ரத்தத்தில் ஆக்சிஜன் பஸ்ஸில் சீட் பிடித்துப் போகிற பயணி. ஹீமோகுளோபின்தான் பஸ். சீட் நிரம்பிவிட்டால் எவ்வளவு பேர் காத்திருந்தாலும் ஏற முடியாது. ஒரு லிட்டர் ரத்தம் சுமார் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத்தான் சுமக்கும். உடம்பைச் சுற்றித் திரும்பி வரும் ரத்தத்தில் சுமார் 150 ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஏற்ற இடம் லிட்டருக்கு 50தான்.

கரியமில வாயு கோலி சோடாவில் இருப்பது மாதிரி தண்ணீரிலேயே அடங்கிவிடுகிறது. பெரும்பகுதி பைகார்பனேட் என்ற உப்பாக மாறி இருக்கும். ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 500 மில்லிலிட்டர்! பெரியவர் ஒருவரின் உடம்பு நிமிடத்துக்கு உண்டாக்குவதே 200 முதல் 250 மில்லிலிட்டர்தான்.

இந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு வேண்டிய 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனை வெளியிலிருந்து ஏற்ற 5 லிட்டர் ரத்தத்தை எடுத்துத் திருப்பியாக வேண்டும். எக்மோ கருவி அதைத்தான் செய்கிறது. அதனால்தான் அதற்கு விரல் தடிமனில் குழாய்கள் தேவைப்படுகின்றன. ஒரு நிமிடத்தின் கரியமில வாயுவோ அரை லிட்டர் ரத்தத்திலேயே இருக்கிறது. முழுவதையும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் சிறுநீரக டயாலிசிஸ் அளவுக்கு, நிமிடத்துக்கு 400, 500 மில்லிலிட்டர் ரத்தம் ஓடினாலே ஒரு நல்ல பங்கை வெளியேற்றலாம்.

கருவாட்டிலிருந்து உப்பு எடுப்பது போல

கருவாட்டைச் சமைப்பதற்கு முன் தண்ணீரில் ஊறவைப்போம். உப்பு செறிவாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் தண்ணீருக்கு நகரும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாகி நின்றுவிடும், தண்ணீரை மாற்றினால் மறுபடி நகரும். டயாலிசிஸின் அடிப்படை இந்தப் பரவல்தான். ஒரு பக்கம் ரத்தம், நடுவில் நுண்துளைச் சவ்வு, மறுபக்கம் மாறிக்கொண்டே இருக்கும் திரவம்.

கரியமில வாயுவை எடுக்கும் இந்த டயாலிசிஸை 'மூச்சு டயாலிசிஸ்' என்கிறார்கள். இதில் திரவத்துக்குப் பதிலாக வாயு ஓடுகிறது. தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான, உள்ளே குழலாக இருக்கும் இழைகளின் கட்டு ஒன்று உண்டு. இழைகளுக்குள் காற்றோ ஆக்சிஜனோ ஓடும், வெளிப்பக்கத்தை ரத்தம் தழுவிப்போகும். கரியமில வாயு ரத்தத்திலிருந்து இழைக்குள் புகுந்து, ஓடும் வாயுவோடு அடித்துச் செல்லப்படும். இழைச் சுவர் வாயுவை விடும், ரத்தத்தை விடாது. இந்தக் காரியத்துக்கென்று வந்த ஹீமோலங் கருவியில் வாயுவைத் தள்ளாமல் மறுமுனையில் உறிஞ்சுகிறார்கள். இழை எங்காவது கிழிந்தாலும் காற்று ரத்தத்துக்குள் போகாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு.

டயாலிசிஸுக்கும் மூச்சுக்கும் உள்ள உறவு புதிதல்ல. இரண்டாம் உலகப்போரின்போது நெதர்லாந்தில் வில்லம் கோல்ஃப் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். சாசேஜ் செய்யப் பயன்படும் செலோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றிய கருவி அது. நீலம்பாரித்து உள்ளே போன ரத்தம் சிவந்து வெளியே வந்ததை அவர் அப்போதே கவனித்தார். செலோஃபேன் வழியே வாயுக்களும் கடந்துகொண்டிருந்தன.

சுருக்கமாக: கரியமில வாயு ரத்தத்தில் ஏராளமாக இருப்பதால், குறைந்த ரத்த ஓட்டத்திலேயே அதை எடுக்கலாம். ஆக்சிஜனுக்கு இந்த வழி போதாது. அதனால் வென்டிலேட்டர் தொடரும், மெதுவாக.

ஆடுகளிடமும் பன்றிகளிடமும் கண்டது

1970களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் தியோடோர் கோலோபோவும் லூச்சியானோ கட்டினோனியும் ஆட்டுக்குட்டிகளிடம் இதைச் சோதித்தார்கள். விழித்திருந்து தானாக மூச்சுவிடும் ஆடு. வெளியே எவ்வளவு கரியமில வாயுவை எடுத்தார்களோ அந்த அளவுக்கு ஆடு மூச்சைக் குறைத்துக்கொண்டது. உடம்பு உண்டாக்குவது முழுவதையும் எடுத்தபோது ஆடு மூச்சுவிடுவதையே நிறுத்திவிட்டது. மூச்சுத் திணறி நிறுத்தவில்லை, மூச்சுவிட வேண்டிய தேவை தோன்றவில்லை. ஆக்சிஜனை நுரையீரலுக்குள் சும்மா கசியவிட்டே சமாளித்தார்கள். இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான சோதனை இல்லை என்றே சொல்லலாம்.

'மூச்சு டயாலிசிஸ்' என்ற பெயரை முன்வைத்த முக்கியமான ஆய்வு, டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருக்கும் அமெரிக்க ராணுவ அறுவைச் சிகிச்சை ஆய்வு நிறுவனத்திலிருந்து 2011இல் வந்தது. ஆண்ட்ரி பாச்சின்ஸ்கி குழுவினர் ஏழு பன்றிகளை மயக்கத்தில் வைத்து, கழுத்துச் சிரையில் இரட்டைப் பாதை கொண்ட ஒரே குழாயைச் செருகினார்கள். அளவு 15.5 ஃபிரெஞ்ச், அதாவது சுமார் 5 மில்லிமீட்டர் குறுக்களவு. டயாலிசிஸ் குழாயும் ஏறக்குறைய இதே தடிமன்தான். உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்தார்கள். நிமிடத்துக்கு 450 மில்லிலிட்டர் அளவில் ரத்தம் ஓடியது, சுமார் 72 மில்லிலிட்டர் கரியமில வாயு வெளியேறியது. நிமிடத்துக்கு 5.6 லிட்டர் காற்று தள்ளிக்கொண்டிருந்த வென்டிலேட்டரை இரண்டு மணிநேரத்தில் 2.6 லிட்டருக்கு இறக்க முடிந்தது. 72 மணிநேரம் வரை கருவி தளராமல் வேலை செய்தது.

வென்டிலேட்டரின் வேலை பாதியானது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பன்றிகளின் நுரையீரல் ஆரோக்கியமானது. கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கவே அந்தச் சோதனை. வெடிப்புக் காயம் ஆறியது என்று அதை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வெடிப்புக் காயத்தை விலங்கிடம் உண்டாக்குவது தனி வேலை. விலங்கு முழு மயக்கத்தில் இருக்கும். அதிர்வுக் குழாய் என்ற நீண்ட குழாயின் ஒரு முனையில் வாயுவை அழுத்தி நிரப்பி, நடுவில் உள்ள தகட்டைத் திடீரென்று உடைத்தால் மறுமுனையில் வெடி அலை மாதிரியே அழுத்தம் வரும். இல்லையென்றால் அளந்த வெடிமருந்தைக் குறித்த தூரத்தில் வெடிக்கச் செய்வார்கள். நெஞ்சு தவிர மற்ற பகுதிகளைக் கவசத்தால் மூட வேண்டும். இல்லாவிட்டால் குடலும் தலையும் சேர்ந்து அடிபட்டு, எந்த மாற்றம் எதனால் என்று பிரிக்க முடியாது. வெடித்த உடனே சில நொடிகள் மூச்சு நின்று, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். அனிச்சைச் செயலால் வரும் இந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகே சிகிச்சையை ஒப்பிட முடியும்.

எங்கே சிக்கல் வரும்

முதல் எதிரி ரத்த உறைவு. ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டால் உறையத் தொடங்கும், ஓட்டம் மெதுவாக இருந்தால் இன்னும் சீக்கிரம். தடுக்க ஹெப்பாரின் கொடுத்தால், கிழிந்த நுரையீரலில் கசியும் ரத்தம் நிற்காது. இதற்குச் சிறுநீரக டயாலிசிஸில் பழகிய ஒரு வழி உண்டு. குழாயின் தொடக்கத்தில் சிட்ரேட் சேர்ப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. திரும்பும் வழியில் கால்சியத்தை ஈடுகட்டிவிட்டால் உடம்புக்குள் உறைதல் இயல்பாக இருக்கும்.

இரண்டாவது, ஈரம். இழைக்குள் நீராவி குளிர்ந்து துளிகளாகத் தேங்கினால் வாயு வெளியேறுவது குறைந்துகொண்டே வரும். கரியமில வாயு மெல்ல ஏறுகிறது, ரத்த ஓட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்றால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். வாயு ஓட்டத்தைச் சற்று நேரம் கூட்டினால் துளிகள் வெளியேறிவிடும்.

மூன்றாவதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை. வென்டிலேட்டரை இறக்கினால் நுண்ணறைகள் போதுமான அளவு விரியாமல் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் குறையும். மூச்சின் அளவைக் குறைக்கும்போது, மூச்சு வெளியேறிய பிறகும் நுண்ணறையைத் திறந்துவைக்கும் அடி அழுத்தத்தைக் குறைக்கக் கூடாது. ஆக்சிஜன் விகிதத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். இவற்றோடு உடல் சூடு இறங்குவது, ரத்தத் தட்டணுக்கள் குறைவது, குழாய் மடங்கி ஓட்டம் நிற்பது எல்லாம் டயாலிசிஸ் அறையில் தினமும் பார்க்கிறவைதான்.

அழற்சியை வடிக்கலாமா?

'டயாலிசிஸ்' என்ற பெயரில் நடக்கும் இன்னொரு முயற்சியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கருவியைக் கொண்டே சைட்டோகைன்களை எடுத்து வீக்கத்தைத் தணிப்பது அது. யூரியா போன்ற சிறு மூலக்கூறுக்குப் பரவல் போதும். யூரியாவின் எடை 60 டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு), இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைனோ 20,000க்கு மேல். இவ்வளவு பெரியதை நகர்த்த, காபி ஃபில்டரில் வெந்நீர் சாரத்தை இழுத்துக்கொண்டு இறங்குவது போல அழுத்தத்தால் வடிக்க வேண்டும். அல்லது கரி நாற்றத்தைப் பிடிப்பது போல சவ்விலேயே ஒட்டவைக்க வேண்டும். ஒட்டும் இடம் நிரம்பினால் சவ்வை மாற்ற வேண்டும்.

இதற்கும் பன்றிகளிடம் ஆச்சரியமான முடிவு கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில், பாக்டீரியா நச்சு செலுத்தப்பட்ட பன்றிகளிடமிருந்து வடித்த திரவத்தை ஆரோக்கியமான பன்றிகளுக்கு ஏற்றியபோது அவற்றின் இதயம் தளர்ந்தது. கெட்டது எதுவோ வடிகிறது என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் மனிதர்களிடம், கிருமித் தொற்று அதிர்ச்சியில் இருந்தவர்களுக்கு மணிக்குக் கிலோவுக்கு 70 மில்லிலிட்டர் வடித்ததையும் 35 வடித்ததையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2013இல் வெளியானது. 28 நாளில் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. வடிகட்டி நல்ல சைட்டோகைன், கெட்ட சைட்டோகைன் என்று பார்ப்பதில்லை. நோய்க்கு எதிராகக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்தே எடுத்துவிடும்.

பன்றியிலிருந்து மனிதருக்கு

பன்றிக்கும் ஆட்டுக்கும் நுரையீரல் ரத்தநாளங்களுக்குள்ளேயே ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவகை விழுங்கணுக்கள் உண்டு. ஆரோக்கியமான மனிதருக்கு அவை இல்லை. அதனால் பன்றியின் நுரையீரல் சிறு தூண்டலுக்கும் வேகமாக வீங்கும், அதைத் தணித்தால் பலனும் பெரிதாகத் தெரியும். சோதனைப் பன்றிக்குச் சிகிச்சை தொடங்கும் நிமிடமும் முன்கூட்டியே குறித்தது. இடிபாட்டிலிருந்து இழுத்து வரப்பட்டவருக்கு அப்படி இல்லை.

கரியமில வாயு நீக்கத்தைப் பிரிட்டனில் மூச்சுச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். 412 பேர் சேர்ந்த பிறகு, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 90 நாளில் இறந்தவர்கள் கருவிக் குழுவில் 41.5 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 39.5. மண்டைக்குள் ரத்தக்கசிவு கருவிக் குழுவில் 9 பேருக்கு, மற்றதில் ஒருவருக்கும் இல்லை. இவர்கள் வெடிப்பில் அடிபட்டவர்கள் அல்லர். ஆனாலும் தலையில் அடிபட்டிருக்கக்கூடிய ஒருவருக்கு இந்தக் கருவியைப் பொருத்த நினைக்கும் எவரும் அந்த 9 பேரை நினைக்காமல் இருக்க முடியாது.

இப்போது சோதனைகள் ரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கும் திசையில் போகின்றன. இத்தாலியின் மிலான் குழு ஒன்று பன்றிகளிடம் செய்து 2015இல் வெளியிட்ட முறையின் பெயர் மூச்சு மின்டயாலிசிஸ். மின்சாரத்தால் குளோரைடு அயனிகளை நகர்த்தி, இழைக்கட்டுக்குள் நுழையும் முன் ரத்தத்தைச் சற்று நேரம் அமிலமாக்குகிறார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தால் சமையல் சோடா நுரைப்பது போல, பைகார்பனேட்டாக அடங்கியிருந்தது வாயுவாக மாறி எளிதாக வெளியேறுகிறது. பிறகு அமிலத்தைச் சரிசெய்து ரத்தத்தைத் திருப்புகிறார்கள். அதே அளவு ரத்தத்திலிருந்து கணிசமாக அதிகக் கரியமில வாயு கிடைப்பதால் இன்னும் மெல்லிய குழாய் போதும். ஆனால் ஓட்டம் குறையக் குறைய குழாய்க்குள் ரத்தம் உறைவது கூடும். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நுரையீரலுக்கு உறைவுத் தடுப்பை எவ்வளவு குறைவாகக் கொடுத்துக் கருவியை ஓட்ட முடியும் என்பதில்தான் இந்தச் சிகிச்சை வந்து நிற்கிறது.